கிச்சிலி சம்பாவைக் காயவைத்தது எந்த மாவுப்பூச்சி? சேலம் மாவட்ட நிகழ்வு ஆய்வு

சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற சாலையில் வாழப்பாடியைத் தாண்டிவிட்டால் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடும் பாக்குத் தோப்பும் மாறி மாறி வரும். வசிஷ்ட நதியை ஒட்டிய பக்கம், கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற இடங்களில் மட்டும் நெல் நிற்கும். இந்த ஆய்வுக்குரிய நிலம் அங்கே இருக்கிறது. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இறங்கும் மூன்று வயல்கள். மேல் வயல் மணல்சாரியான செம்மண். தண்ணீர் விட்டால் நிற்காது, இறங்கிவிடும். கீழ் வயலில் களி அதிகம். மூன்றிலும் ஆத்தூர் கிச்சிலி சம்பா. புரட்டாசியில் நட்டார்கள். ஐப்பசி மழை பேருக்குப் பெய்துவிட்டுப் போனது. கிணறு இறங்க, மோட்டார் ஓடும் நேரமும் குறைந்தது. மேல் வயல் இரண்டு முறை வெடிப்பு விடும் அளவுக்குக் காய்ந்தது.

கார்த்திகை நடுவில், பயிர் தொண்டைக்கதிருக்கு, அதாவது கதிர் உறைக்குள் திரளும் பருவத்துக்கு, வரும் நேரத்தில், மேல் வயலில் வட்டம் வட்டமாக மஞ்சள் விழுந்தது. வட்டத்தின் நடுவே இருந்த குத்துகள் முழங்கால் உயரம்கூட வராமல் குட்டையாக நின்று காய்ந்தன. நிலத்துக்காரர் அறுபதைத் தாண்டியவர், நெல்லை நன்றாக அறிந்தவர். வட்டத்தைப் பார்த்ததும் புகையான் (தூரின் அடியில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி) என்று முடிவு செய்து, உரக்கடையில் கொடுத்த மருந்தை வயல் முழுக்க அடித்துவிட்டார். வட்டம் நிற்கவில்லை. அப்புறம் ஒரு நாள் காய்ந்த தாளை உரித்துப் பார்த்தவருக்கு உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்துக் காட்டுக் குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி வந்து நுனி சுருண்டு கிடந்ததும் நினைவுக்கு வந்தது. அங்கிருந்துதான் தாவிவிட்டது என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சியை அடக்க, அதற்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு சிறு குளவியை ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டபோது அவர் கேட்டது அதைப் பற்றித்தான்: "ஏத்தாப்பூர்ல குளவி குடுத்தாங்களே தம்பி, அதை வாங்கி இதுலயும் விட்டா சரியாப் போயிடுமா?"

ரொம்ப நல்ல கேள்வி. பதில் 'ஆகாது' என்பதுதான். ஏன் ஆகாது என்பதை ஆதாரத்தோடு சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தப் பூச்சி எது என்று தெரிந்தாக வேண்டும். மாவுப்பூச்சிக் குடும்பமான சூடோகாக்கிடேயில் உலக அளவில் சுமார் 2000 இனங்கள் இருக்கின்றன. வெள்ளை மாவு பூசிக்கொண்டிருப்பது மட்டும்தான் நம் கண்ணுக்குப் பொது. எதைத் தின்னும், எங்கே ஒளியும், எந்தக் குளவி அதைத் தொடும் என்பதெல்லாம் இனத்துக்கு இனம் வேறு.

வயலில் கண்டது

வட்டத்தின் நடுவில் செத்துப்போன குத்துகளைப் பார்ப்பதில் பயன் குறைவு. பூச்சி அங்கிருந்து கிளம்பியிருக்கும். வட்டத்தின் ஓரத்தில், இலை நுனி மட்டும் மஞ்சள் கண்ட குத்துகளைத்தான் பிடுங்க வேண்டும். அப்படி ஒரு குத்தைப் பிடுங்கி, ஒவ்வொரு தூராகப் பிரித்து, அடி இலையின் உறையை நகத்தால் மெதுவாக விலக்கினோம். உறை தண்டோடு ஒட்டியிருக்கும் சந்தில், கணுவுக்குச் சற்று மேலே, பஞ்சு பிய்த்து வைத்தாற்போல் வெள்ளை மெழுகு. அதை ஒரு ஈர்க்குச்சியால் விலக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு உடல், நீண்ட முட்டை வடிவம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், இறக்கை கிடையாது. கையில் வைத்து அழுத்தினால் சிவந்த சாறு. பக்கத்தில் மஞ்சள் வெளுப்பில் முட்டைகள் ஒன்றை ஒட்டி ஒன்றாக. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது, அப்போதுதான் பொரிந்த குஞ்சுகள் தாயின் மெழுகுக்குள்ளேயே கால்களை அசைத்துக்கொண்டிருந்தன.

சில தூர்களில் கதிர் வெளிவர முயன்று பாதியில் நின்றிருந்தது. கதிருக்கு முன் கடைசியாக வரும் கொடி இலையின் உறைக்குள்ளேயே கதிர் சிக்கிக்கொள்வது இந்தத் தாக்குதலின் தெளிவான அடையாளம். உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே வெளுத்துப்போன பதர்.

எறும்பையும் கவனித்தோம். மேல் வயல் வரப்பில் எறும்புச் சாரை ஒன்று நேராக வட்டத்துக்குள் போனது. சாறு உறிஞ்சும் பூச்சி வெளியே விடும் தேன்கழிவுக்காக வருகிறது எறும்பு. அந்தச் சாரையைப் பின்னோக்கிப் பிடித்துப்போனால் வரப்பில் இருந்த அருகம்புல்லுக்குள் முடிந்தது. அருகின் கணுவைப் பிரித்தபோது அங்கேயும் அதே இளஞ்சிவப்பு உடல், அதே மெழுகு. இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட சான்று இதுதான். நெல்லில் இருப்பது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, குச்சிக்கிழங்குக் காட்டைப் பார்ப்பதற்கு முன்பே வரப்பு ஒரு பதிலை வைத்திருந்தது.

புகையான் இல்லை என்பதற்கான காரணங்கள்

இரண்டுமே வட்டமாகத்தான் காயவைக்கும். அதனால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ஆனால் புகையான் வளரும் சூழலே வேறு. தண்ணீர் கட்டி நிற்கிற, யூரியா தாராளமாகப் போட்ட, காற்றுப் புகாமல் அடர்ந்து நிற்கிற வயலில் அது பெருகும். தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்திருக்கும். குத்தைத் தட்டினால் தாவும், தண்ணீரில் விழும். நம் மேல் வயலில் தண்ணீரே இல்லை. பயிர் அடர்த்தி இல்லை. தட்டினால் தாவ எதுவும் இல்லை. அதிகக் களி பிடித்த, ஈரம் நின்ற கீழ் வயலில் ஒரு வட்டமும் விழவில்லை. புகையானாக இருந்தால் முதலில் விழ வேண்டியது அங்கேதான்.

கரையான், குருத்துப்பூச்சி, துத்தநாகக் குறை ஆகியவற்றையும் பார்த்துத் தள்ளினோம். வேர் நன்றாக இருந்தது. நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வரவில்லை. துத்தநாகக் குறை பெரும்பாலும் நட்ட சில வாரங்களிலேயே, அதுவும் தண்ணீர் தேங்கும் இடத்தில் தலைகாட்டும்.

நம் மாநிலத்தில் பழைய விவசாயிகள் இந்தத் தாக்குதலைச் சூறை நோய் என்பார்கள். வங்காளத்தில் சக்தோரா என்று பெயர். மழை தப்பிய மானாவாரி நெல்லில் எப்போதோ ஒரு வருடம் வந்து, வட்டமாகச் சூறையாடிவிட்டுப் போவது. இடையில் பல வருடங்கள் கண்ணில் படாததால் ஒரு தலைமுறைக்கே மறந்துபோகிறது.

எந்த இனம்

வயலில் பார்த்தே ஓரளவு சொல்லலாம். புல் குடும்பப் பயிர்களின் இலையுறைக்குள் ஒளியும் மாவுப்பூச்சிகளில் நம் பக்கம் அடிக்கடி தட்டுப்படுபவை மூன்று. கரும்பின் கணுவில் இலைச்சருகுக்கு அடியில் உருண்டையாக, இளஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும் சக்காரிகாக்கஸ் சக்காரி ஒன்று. அருகு, ரோட்ஸ்புல் போன்றவற்றின் கணுவில் வெள்ளைக் கம்பளிப் பை போலத் தெரியும் அன்டோனினா கிராமினிஸ் இன்னொன்று. மூன்றாவது நெல் மாவுப்பூச்சி, பிரெவெனியா ரெஹி.

அன்டோனினாவைப் பிரித்தறிவது எளிது. பையைப் பிரித்தால் உள்ளே இருக்கும் பெண் கருஞ்சிவப்பாக, தடித்த பை மாதிரி இருக்கும். அதற்குக் கால் கிடையாது. குஞ்சாக இருக்கும்போது கால் உண்டு. ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து முதல் தோலை உரித்ததும் கால் போய்விடும். பிறகு ஆயுள் முழுக்க அதே இடம். பின்பக்கத்திலிருந்து நீண்ட வெள்ளை மெழுகுக் குழல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியாகத் தேன்கழிவு சொட்டும். நம் வயலின் பூச்சிக்குக் கால் இருந்தது. உறையை விலக்கி வெயிலில் வைத்தபோது மெதுவாக நகர்ந்தும் காட்டியது. குழலும் இல்லை.

இருந்தாலும் மாவுப்பூச்சியில் கண்ணை நம்பி இனம் சொல்வது சரியில்லை. ஸ்லைடு போட்டே ஆக வேண்டும். முறை எளிமையானது, பொறுமைதான் வேண்டும். முட்டையிடும் பருவத்துப் பெண்களை ஆல்கஹாலில் போட்டுக் கொண்டுவர வேண்டும். பக்கவாட்டில் சிறு கீறல் போட்டு, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மெதுவாகச் சூடாக்கினால் உள்ளிருக்கும் சதையும் கொழுப்பும் கரையும். மெல்லிய தூரிகையால் அழுத்தி அழுத்தி அதை வெளியே எடுத்தால் கண்ணாடிபோல் தோல் மட்டும் மிஞ்சும். அதற்கு அமில ஃபியூக்சின் ஏற்றி, ஆல்கஹாலில் நீரை நீக்கி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் படியவைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் உணர்கொம்பு உடையும், கால் மடங்கும், அப்புறம் பார்க்க வேண்டியது எதுவும் தெரியாது.

நுண்ணோக்கியின் கீழே மாவுப்பூச்சிக்கே உரிய பொது அடையாளங்கள் முதலில் தெரியும்: முதுகில் உதடு போன்ற இரண்டு ஜோடித் திறப்புகள், மலத்துளையைச் சுற்றிய வளையத்தில் ஆறு நீண்ட முடிகள், தோல் முழுக்க முக்கோணமாகச் சுழித்த மூன்றறைத் துளைகள். வெள்ளைப் பொடி உருவாவது இந்தத் துளைகளிலிருந்துதான். ஒவ்வொரு துளையும் சுருள் சுருளாக மெழுகைத் தள்ளும். அடுத்ததாக உடலோரத்தில் கூம்பு முள்களும் துளைகளும் சேர்ந்து கூட்டமாக அமையும் இடங்களை எண்ண வேண்டும். குச்சிக்கிழங்கில் வரும் ஃபீனகாக்கஸ் மேனிஹோட்டியில் இவை உடலைச் சுற்றி 18 ஜோடி. உணர்கொம்பில் ஒன்பது கணு. நம் வயலில் கிடைத்ததில் அந்த ஓர அமைப்பு பின்முனைப் பக்கம் மட்டும் வெகு சில. உணர்கொம்புக் கணுவும் குறைவு. இரண்டு ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. மேல் வயல் நெல், வரப்பு அருகு இரண்டிலிருந்தும் எடுத்த பெண்கள் எல்லாம் பிரெவெனியா ரெஹி. பக்கத்துக் காட்டில் எடுத்தது ஃபீனகாக்கஸ் மேனிஹோட்டி. பத்தடித் தூரத்தில் இருந்தும் ஒன்றின் இடத்தில் மற்றது ஒன்றுகூட இல்லை.

பல பெயர்களில் ஒரு பூச்சி

முழுப் பெயரை எழுதும்போது பிரெவெனியா ரெஹி (லிண்டிங்கர், 1943) என்று அடைப்புக்குறி போட்டு எழுத வேண்டும். அடைப்புக்குறிக்கு ஒரு பொருள் உண்டு: லிண்டிங்கர் பெயர் வைத்தபோது இது வேறு பேரினத்தில் இருந்தது, பிற்பாடு இங்கே மாற்றப்பட்டது. பிரெவெனியா என்ற பேரினத்தை 1940இல் நிறுவியவர் கூ (Goux) என்ற பிரெஞ்சு ஆய்வாளர். பழைய இந்திய நூல்களில் இதே பூச்சி ரிப்பர்சியா ஒரைசே. அதற்கப்புறம் வந்த நெல் ஆய்வுகளில் ஹெட்டரோகாக்கஸ் ரெஹி. அமெரிக்காவில் அருகம்புல்லில் கண்டதை மில்லரும் மெக்கென்சியும் ஹெட்டரோகாக்கஸ் டட்டிலி என்று தனி இனமாக விவரித்தார்கள். பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது அதுவும் நம் நெல் மாவுப்பூச்சியும் ஒன்றே என்று தெளிந்தது. இன்றைக்கும் அங்கே புல்தரை பராமரிப்பவர்கள் இதை டட்டில் மாவுப்பூச்சி என்றுதான் சொல்கிறார்கள்.

இதெல்லாம் அருங்காட்சியகத்துக்காரர்களின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு பெயரும் ஒரே இனம் என்று தெரிந்த நாளில், அரிசோனாவின் புல்தரையில் அருகைப் பற்றி எழுதியதும் வங்காளத்து மானாவாரி நெல்லைப் பற்றி எழுதியதும் ஒரே கோப்புக்குள் வந்துவிட்டன. நெல்லே இல்லாத இடத்தில் அருகை மட்டும் தின்றே இந்தப் பூச்சி தலைமுறை தலைமுறையாக வாழ முடியும் என்பது அதில் கிடைக்கும் செய்தி. வாழப்பாடிப் பக்கத்து வரப்புக்கு அது அப்படியே பொருந்துகிறது. இந்தப் பூச்சிக்கு நெல் ஒரு பருவத்து விருந்து; வீடு அருகுதான். சோளம், கரும்பு, வயலில் வரும் பல புல் களைகள் எல்லாவற்றிலும் இது பதிவாகியிருக்கிறது. குச்சிக்கிழங்கு அந்தப் பட்டியலில் இல்லை.

வாழ்க்கை

பெரும்பாலும் பெண்ணே. ஆண் அரிதாகத்தான் கிடைக்கும். ஆணுக்கு ஒரே ஜோடி இறக்கை, வெளிர் மஞ்சள் நிற மெல்லிய உடல்; வாயுறுப்பு கிடையாது; தின்னாமலே செத்துப்போகும். ஆண் சேராமலே பெண் இனம் பெருக்கும். ஒரு தாய் நூறு, இருநூறு முட்டைகூட இடக்கூடியது. முட்டை இடும்போதே உள்ளே கரு நன்றாக வளர்ந்திருப்பதால் பல முட்டைகள் சில மணி நேரத்திலேயே பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு தாயின் மெழுகுக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே கிளம்பும்.

அந்தக் குஞ்சுப் பருவம்தான் இதன் வாழ்க்கையில் ஊர் மாறும் ஒரே காலம். பெண்ணுக்கு எந்தப் பருவத்திலும் இறக்கை கிடையாது. குஞ்சு நடந்து அடுத்த தூருக்குப் போகும். இலையோடு இலை உரசினால் அடுத்த குத்துக்குப் போகும். காற்று தூக்கினால் கொஞ்சம் தள்ளி விழும். தாக்குதல் வட்டமாக விரிவதற்குக் காரணம் இதுதான். ஒரு குத்தில் தொடங்கி நாலா பக்கமும் நடை தூரத்தில் பரவுகிறது. புகையானுக்கு இறக்கை இருப்பதால் அது பல இடங்களில் ஒரே சமயத்தில் இறங்கும்.

உறைக்குள் நுழைந்ததும் மயிரைவிட மெல்லிய ஊசிவாயைத் தண்டின் உணவுக்குழாயில் இறக்கிவிடும். அந்தச் சாறில் சர்க்கரை கொட்டிக் கிடக்கும். அமினோ அமிலம்தான் குறைவு. வேண்டிய அமினோ அமிலத்துக்காகச் சாறை அதிகமாகக் குடித்து, மிச்சச் சர்க்கரையைத் தேன்கழிவாக வெளியே விடுகிறது. எறும்பும் கரும்பூசணமும் அதன் பின்னால் வருகின்றன. தன் கழிவிலேயே தான் ஒட்டிக்கொண்டு சாகாமல் இருக்கவும் அந்த மெழுகுப் பொடி உதவுகிறது. அதே மெழுகுதான் நாம் தெளிக்கும் மருந்துத் துளியையும் உருட்டிவிடுகிறது. உறை ஒரு தடுப்பு, மெழுகு இன்னொரு தடுப்பு. நிலத்துக்காரர் முதலில் அடித்த மருந்து இலையின் மேல் விழுந்து காய்ந்ததே தவிர, பூச்சி இருந்த சந்துக்குள் போகவே இல்லை. போயிருக்க வழியும் இல்லை.

வறட்சியோடு இதற்கு இருக்கும் உறவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. நீர் பற்றாமல் வாடும் பயிரில் வளர்ச்சி நிற்கும். ஆனால் புரதம் சிதைந்து, புரோலின் முதலிய அமினோ அமிலங்கள் சாறில் கூடும். எதற்காக இந்தப் பூச்சி குடம் குடமாகச் சாறு குடிக்கிறதோ, அது வாடிய பயிரில் கெட்டியாகவே கிடைக்கிறது. குஞ்சு பிழைப்பதும் தாய் முட்டையிடுவதும் கூடுகிறது. இன்னொரு பக்கம், வயலில் தண்ணீர் நின்றால் அடி உறைகள் முங்கிக் கிடக்கும். ஒளிய இடம் குறையும். நடந்து போகும் குஞ்சு தண்ணீரில் மிதக்கும். மழை அடித்துப் பெய்தால் குஞ்சு கழுவிப் போகும். ஆக, தண்ணீர் இல்லாத வயலில் பூச்சிக்குத் தீனியும் கூடுகிறது, சாவும் குறைகிறது. பாசன நெல்லில் இது ஒரு பொருட்டே இல்லாத பூச்சி. அதே மூன்று வயல், அதே விதை, ஒரே நாள் நடவு. மேல் வயலில் சூறை, கீழ் வயலில் ஒன்றும் இல்லை. வேறு விளக்கம் தேட எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குளவி ஏன் உதவாது

ஏத்தாப்பூர் குளவியைப் பற்றி நிலத்துக்காரர் கேட்டதற்கு வருகிறேன். குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கேரளத்தில் 2020இல் தெரிய வந்தது. கொஞ்ச காலத்திலேயே சேலம், நாமக்கல் பக்கம் கிழங்குக் காடுகளை நாசமாக்கியது. சவ்வரிசி ஆலைகளை நம்பிப் பிழைக்கும் மாவட்டம் இது. பயம் எப்படி இருந்தது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையம் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியை வரவழைத்து வளர்த்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதை விட்டார்கள். நம் மண்ணில் நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

அந்தக் குளவியைக் கண்டுபிடித்த கதையில் இனம் அறிதலின் அருமை தெரியும். 1970களின் தொடக்கத்தில் காங்கோவில் திடீரென ஒரு மாவுப்பூச்சி குச்சிக்கிழங்கை அழிக்கத் தொடங்கியது. 1977இல் பிரெஞ்சு அறிஞர் தனியேல் மாத்தில் ஃபெரேரோ அதற்கு ஃபீனகாக்கஸ் மேனிஹோட்டி என்று பெயர் வைத்தார். குச்சிக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்கா என்பதால் எதிரிப் பூச்சியை அங்கே தேடினார்கள். வடபகுதியில் அச்சு அசலாக அதேபோல் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் குளவிகளைக் கொண்டுவந்தால், ஆப்பிரிக்கப் பூச்சியில் அவை வளரவில்லை. நுணுகிப் பார்த்தபோது இரண்டும் வேறு இனம். வடபகுதிப் பூச்சிக்கு ஆண் உண்டு, ஆப்பிரிக்கப் பூச்சியில் பெண் மட்டும். 1981இல் காக்ஸும் வில்லியம்ஸும் வடபகுதிப் பூச்சிக்கு ஃபீனகாக்கஸ் ஹெரெனி என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். அதே 1981இல் பராகுவேயில் உண்மையான மேனிஹோட்டியைப் பூச்சியியலாளர் அந்தோணி பெல்லோட்டி கண்டார். அனாகைரஸ் லோபெசியும் அங்கேதான் கிடைத்தது. ஆப்பிரிக்கா முழுக்க அதைப் பரப்பிய பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். ஒரே பேரினத்துக்குள், ஒரே பயிரில் இருந்த இரண்டு பூச்சிகளுக்கே குளவி மாறவில்லை. குச்சிக்கிழங்கிலிருந்து நெல்லுக்கு, வேறு பேரினத்துக்கு அது எப்படி வரும்?

புல்லில் வாழும் மாவுப்பூச்சிக்குக் குளவியே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் நம் நாட்டிலிருந்தே போனது. மேலே சொன்ன அன்டோனினா கிராமினிஸ் 1942இல் டெக்சாஸின் மேய்ச்சல் நிலங்களில் தெரிய வந்தது. ரோட்ஸ்புல் பத்தை பத்தையாகச் செத்தது. சுப்பாராவ் 1957இல் இந்தியாவில் விவரித்த ஒரு குளவி, இன்று நியோடஸ்மேஷியா சங்வானி எனப்படுவது, 1959இல் இங்கிருந்து அங்கே போனது. பெண் குளவிக்கு இறக்கை பெயரளவுக்குத்தான். வருடத்துக்கு அரை மைல் தூரம்தான் தானாகப் பரவும். அதனால் குளவி ஏறிய பூச்சியுள்ள புல்லை விமானத்திலிருந்து தூவினார்கள். பூச்சி அடங்கியது. கால் இல்லாத பூச்சிக்கு, பறக்காத குளவி எதிரி. இயற்கையின் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

பிரெவெனியா ரெஹிக்கும் இயற்கை எதிரிகள் உண்டு. சின்னப் பொறிவண்டுகள், இலையுறைக்குள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்னும் சிறு ஈக்களின் புழுக்கள், ஒட்டுண்ணிக் குளவிகள். எங்கள் மாதிரியிலும் மெழுகுக்கு இடையே கால் இல்லாத புழு ஒன்று நெளிந்தது. சுற்றிலும் உறிஞ்சித் தீர்த்த தோல்கள். நிலத்துக்காரரிடம் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதையும் சேர்த்துல்ல மருந்தடிச்சேன்" என்றார்.

செய்தது

மேல் வயலில் காய்ந்த வட்டங்களையும் அவற்றைச் சுற்றி இரண்டு முழம் வரை பச்சையாக நின்ற குத்துகளையும் வேரோடு பிடுங்கச் சொன்னேன். பச்சையாக நிற்பதைப் பிடுங்க யாருக்கும் மனசு வராது. ஆனால் குஞ்சு இருப்பது அங்கேதான். பிடுங்கியதை வரப்பில் போடாமல் சாக்கில் கட்டி வெளியே எடுத்துப்போய் எரித்தார்கள். வரப்பில் போட்டால் காயும் தாளை விட்டுப் பூச்சி அருகுக்கு இறங்கிவிடும். மேல் வயல் வரப்பின் அருகையும் கோரையையும் மண்வெட்டியால் அடியோடு செதுக்கினோம். களைக்கொல்லி வேண்டாம் என்றேன்; புல் மெதுவாகச் சாகும்போது பூச்சி பச்சையைத் தேடி நெல்லுக்கே வரும்.

அடுத்தது தண்ணீர். மோட்டார் ஓடுகிற நேரத்தை மூன்று வயலுக்கும் பங்கு போடாமல், கீழ் வயலைக் கொஞ்ச நாள் காயவிட்டு, மேல் வயலில் இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி வைத்தார். கீழ் வயலின் களி ஈரம் தாங்கும் என்பதால் இதைச் செய்ய முடிந்தது. மருந்து எதுவும் புதிதாக அடிக்கவில்லை. பூச்சி இப்படி வட்டங்களில் மட்டும் இருக்கும்போது, மருந்து தேவைப்பட்டாலும் அந்த இடத்துக்கு மட்டும், தூரின் அடியில் படும்படி, வேளாண் அலுவலர் சொல்லும் அளவில் கொடுத்தால் போதும்; வயல் முழுக்க அடிப்பது மாவுப்பூச்சியைத் தின்னும் அந்தப் புழுவைக் கொல்லத்தான் உதவும்.

பிடுங்கிய இடத்தைத் தாண்டிப் புது வட்டம் எதுவும் விழவில்லை. மார்கழித் தொடக்கத்தில் ஒரு மழையும் கிடைத்தது. பிடுங்கியதா, தண்ணீரா, மழையா, எதனால் எவ்வளவு என்று இந்த ஒரு வயலை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது. மூன்றும் ஒரே திசையில் வேலை செய்தன. பிடுங்கிய பகுதியின் விளைச்சல் போனது போனதுதான். மிச்ச மேல் வயலில் கதிர் முழுதாக வெளியே வந்தது.

அறுப்பு முடிந்ததும் அவர் மேல் வயலில் மாட்டுக்குத் தீவனச் சோளம் விதைக்க நினைத்திருந்தார். சோளமும் புல் குடும்பம்; வரப்பில் மிஞ்சியிருக்கும் பூச்சிக்குக் கோடை முழுக்கச் சாப்பாடு போட்ட மாதிரி ஆகிவிடும். அதைச் சொன்னதும், "அப்போ மாட்டுக்கு என்ன போடறது?" என்று கேட்டார். பாதிக்கு வேலிமசால், பாதிக்கு உளுந்து என்று பேசி முடிவு செய்தோம். இரண்டும் பயறு வகை. பிரெவெனியா ரெஹி தொடாதவை. வரப்பு அருகை நாற்றங்கால் விடுவதற்கு முன்பே, ஆடியிலேயே ஒருமுறை செதுக்கிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.